ஈச்சம்பள்ளத்துக் கேட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு எழுத நான் யார் என்ற கூச்சத்தோடுதான் ஆரம்பிக்கிறேன். தாளவாடியில் பத்தாவது வரை தமிழில் படித்தேன். கல்யாணமாகி மைசூருக்கு வந்தேன். கம்ப்யூட்டரில் கோடு வரையத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று சர்ச்சில் ஒரு அம்மா சொன்னதைக் கேட்டு, அக்ரஹாரத்தில் பூஜை சாமான் கடைக்கு மேலே இருக்கும் நம் ஆபீஸ் படி ஏறினேன். கண் டாக்டர் இனித் திரை வேலை வேண்டாம் என்றதும் படி இறங்கினேன். என் கதை அவ்வளவுதான்.

நாலு பேர் முன்னால் எழுந்து பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வழியனுப்பு விழாவிலும் கேக்கை வெட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்குத் தண்டனையாக, நம் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரவீண் என்னை எழுதச் சொன்னான். "தமிழ்லயே எழுதுங்க ஸ்டெல்லாக்கா. பாதிப்பேருக்குத் தமிழ் வரும். மத்தவங்களுக்கு நான் கன்னடத்துல படிச்சுச் சொல்றேன்" என்றான். நான் எழுதப்போகும் விஷயத்தில் அவனும் வருகிறான். அவனிடம் சம்மதம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க, அதத்தான் எழுதணும்" என்றான்.

வேலையைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. உங்களுக்கு என்னைவிட நன்றாக வரும். ஆனால் வெளியாள் யாராவது படித்தால் புரியட்டும் என்று கொஞ்சம் சொல்கிறேன். நாம் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ரோடு வரைகிறோம். அந்தப் படம் மனிதக் கண்ணுக்கு. அதைத் தரவுத்தளத்தில் ஏற்றும்போது அது படமாக இருப்பதில்லை. ஒவ்வொரு முச்சந்தியும் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சுக்கு நடுவே ஒரு இழை. இங்கிருந்து அங்கே எப்படிப் போவது என்று கேட்டால், இழை இழையாகப் பிடித்துக்கொண்டு போய்ப் பதில் சொல்லும். இழை அறுந்த இடத்துக்கு அப்பால் உலகம் இருப்பது அதற்குத் தெரியாது.

அப்படி அறுந்து தனியே கிடக்கும் துண்டுகளை நாங்கள் தீவு என்று சொல்வோம். முதலில் மைசூர் நகரத்தை ஏற்றியபோது தீவுகள் நிறைய வந்தன. கல்யாண மண்டபத்துக்குள் கார் நிறுத்தும் தடம், மூடிப்போன மில்லுக்குள் இருந்த ரோடு, பூங்காவின் நடைபாதை. எல்லாம் குப்பை. சின்னத் தீவுகளை ஏற்றும்போதே தள்ளிவிட வேண்டும் என்று ஒரு விதி வைத்தோம். நகரத்துக்கு அது நல்ல விதி. அதற்கு முன்னால், வாடகை வண்டிக்காரர்களை மண்டபத்துக் கேட்டுக்குள் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டிருந்தது நம் தரவுத்தளம். விதி வந்தபின் அது நின்றது.

அடுத்து வந்தது சாமராஜநகர் மாவட்டம். அங்கே ஆம்புலன்ஸ் ஓட்டும் ஒரு அறக்கட்டளை நம்மிடம் வந்தது. கூப்பிடுகிறவரின் போன் இருக்கும் இடம் திரையில் புள்ளியாக விழ வேண்டும். அதற்குப் பக்கத்தில் எந்த ரோடு, எந்த வண்டி கிட்டே இருக்கிறது, எந்த வழியாகப் போக வேண்டும் என்று தரவுத்தளம் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயர் கேட்டு, எழுதி, தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இதுதான் அவர்கள் கேட்டது.

நாங்கள் உழைத்தோம். கொள்ளேகால், ஹனூர் பக்கம் காட்டுப் பாதைகளைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வரைந்தோம். மற்ற கம்பெனிகள் ரோட்டை மட்டும் வரைந்துவிட்டுப் போய்விடும். நாம் கேட்டுகளையும் குறிப்போம். காட்டுத் தடத்தின் குறுக்கே ஒரு இரும்புக் கம்பி கிடந்தால் அதன் நிழல் மெல்லிய கீறலாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்தால் பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டுவோம். அப்படி ஒரு பெருமை. கேட்டைக் குறித்ததும் பக்கத்தில் ஒரு கட்டம் வரும்: இதை யார் திறப்பார், யாரை விடுவார்கள். மைசூரில் உட்கார்ந்துகொண்டு அது எங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாததை எழுதக் கூடாது என்பது நம் வழக்கம். காலியாக விட்டோம்.

காலியாக இருந்தால் யாரையும் விடமாட்டார்கள் என்று ஏற்றும் நிரல் எடுத்துக்கொண்டது. கேட்டில் இழை அறுந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பாதை தீவானது. சின்னத் தீவு என்பதால் தள்ளப்பட்டது. எந்த இடத்தில் நாங்கள் அதிகக் கவனமாக வரைந்தோமோ, அந்த இடத்திலிருந்துதான் ஊர்கள் போயின.

இதை யாரும் மறைக்கவில்லை. இத்தனை துண்டுகள் நீக்கப்பட்டன என்று திரையில் வந்தது. எங்கள் டீம் லீட் அதைப் பார்த்து, "என்ன துண்டுங்க இதெல்லாம்?" என்று கேட்டார். பிரவீண் சிலவற்றைத் திறந்து காட்டினான். ஒரு கல்குவாரி, ஒரு சர்க்கரை ஆலை வளாகம், ஒரு கல்லூரி. சரி என்றார். நானும் பின்னால் நின்று பார்த்தேன். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

லீட் என்னைவிட வயதில் சின்னவர். கொள்ளேகால் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் லீட் என்றே எழுதுகிறேன்.

அந்த அமைப்பு ஓடத் தொடங்கிய முதல் நாள் லீட், பிரவீண், நான் மூவரும் காலை பஸ்ஸில் சாமராஜநகர் போனோம். ஹனூர் பக்கத்திலிருந்து தமிழில் கூப்பிட்டால் பேச ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துப் போனார்கள். போன் என்றாலே எனக்குக் கை வேர்க்கும். யாரும் தமிழில் கூப்பிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன். ராத்திரி எல்லாம் மழை பெய்து காலையில்தான் விட்டிருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரை. அறக்கட்டளை மேனேஜர் புதுச் சட்டை போட்டு நின்றார். மதியம் பெரியவர்கள் சிலர் பார்க்க வருவதாக இருந்தது. பழைய சுவர் வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி மூலையில் சாத்திவைத்திருந்தார்கள்.

பதினொரு மணி சுமாருக்கு முதல் அழைப்பு வந்தது. ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. போன் எடுத்த ஆபரேட்டர் கன்னடத்தில் இரண்டு வார்த்தை கேட்பதற்குள் திரையில் புள்ளி விழுந்துவிட்டது. வண்டி கிளம்புகிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். வழி நீலக் கோடாக ஓடியது. வண்டி அதன்மேல் ஊர்ந்தது. கோட்டின் முனைக்குப் போய் நின்றது. சேர்ந்தது என்று பச்சையில் எழுத்து வந்தது.

மேனேஜர் கை தட்டினார். "சூப்பர்! பழைய மாதிரி இருந்திருந்தா இன்னேரம் ஊர் பேரையே கேட்டுட்டு இருந்திருப்போம்" என்றார். பிரவீண் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அப்போது இரண்டு போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தன. ஒன்றை ஆபரேட்டர் எடுத்து, கேட்டுவிட்டு, என்னிடம் நீட்டினாள். "தமிழு. அழறாங்க."

"அக்கா, வண்டி எங்கீங்க?" ஒரு பெண் குரல். மூச்சு வாங்கியது. செல்வி என்று பெயர் சொன்னாள். வலி வந்திருப்பது அவள் தங்கை ஜோதிக்கு. "சைரன் சத்தம் பள்ளத்துல கேட்டுச்சுங்க. அங்கதான் வருதுன்னு கட்டலோட தூக்கிட்டுக் கீழ எறங்கிட்டம். வண்டி அந்தக் கரையில நிக்குதுங்கக்கா. நடுவுல ஆறு ஓடுது."

இன்னொரு போனில் டிரைவர் பழனிச்சாமி. லீட் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஏனுங், நான் வந்துட்டனுங்க. புள்ளி காட்டுன எடத்துக்கு வந்துட்டன். இந்தக் கரையோட ரோடு முடியுது. அவங்க அந்தக் கரையில நிக்கறாங்க, கை ஆட்டறாங்க. எதுக்குங்க என்னைய இங்க அனுப்புனீங்க?"

"அது எந்த ஊரு?" என்றார் லீட்.

"ஈச்சம்பள்ளமுங்க. ஊர் பேரச் சொல்லியிருந்தா நான் காட்டுக் கேட்டு வழியாவல்ல போயிருப்பன்! பேரு வரலைங்களே, வெறும் புள்ளிதான வந்துச்சு."

லீட் பிரவீணைப் பார்த்தார். பிரவீண் ஊர்ப் பெயரை அடித்துத் தேடினான். தரவுத்தளத்தில் ஈச்சம்பள்ளம் இல்லை. பாதை போனால் பாதையோடு ஊர்ப் பெயரும் போய்விடும். பக்கத்தில் எந்த ரோடு என்று அது தன்னைத்தானே கேட்டுக்கொண்டது. இருப்பதில் பக்கம், ஆற்றுக்கு இந்தக் கரையில் முடியும் ரோடு. வானத்தில் பறக்கும் காக்கைக்கு அது பக்கம்தான்.

"அக்கா, கேட்டு பூட்டியிருக்கான்னு கேளுங்க" என்றார் லீட். நான் செல்வியிடம் கேட்டேன்.

"கேட்டா? அது எப்பவும் தொறந்துதான் கெடக்கும். பொழுது சாஞ்சாத்தான் சாத்துவாங்க. அப்பவும் வாச்சரண்ணன் ஆரன் சத்தம் கேட்டா வந்து தொறந்து விட்டுருவாருங்க. அக்கா, அவ கத்தறா. நாங்க கட்டலத் தூக்கிட்டு ஆத்துல எறங்கறம்."

அவள் சொன்னதை அப்படியே சத்தமாகச் சொன்னேன். என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது.

"பேடா!" என்றார் லீட். பதறினால் அவருக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "பேடா, பேடா. எறங்க வேண்டாம்னு சொல்லுங்க. பழனிச்சாமிண்ணே, தண்ணி எவ்வளவு இருக்கு?"

"இடுப்புக்கு மேல இருக்குமுங்க. மேல மழ, ஏறிட்டுத்தான் இருக்குது."

"சுத்தி கேட்டு வழியா வந்தா?"

"மறுபடி மெயின் ரோட்டுக்குப் போகோணும். மேடு ஏறிச் சுத்தோணும். ஒரு மணி நேரத்துக்குக் கொறையாது. ஹனூருல நிக்கற வண்டிய அனுப்புங்க, அது எனக்கு முந்திப் போயிரும்."

பிரவீண் ஹனூர் வண்டிக்குத் தகவல் அனுப்பப் பார்த்தான். இல்லாத ஊருக்கு வண்டியை அனுப்ப அமைப்பு மறுத்தது. போய்ச் சேர்ந்த வண்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்றும் கேட்டது. லீட் தன் சொந்தப் போனை எடுத்து ஹனூர் டிரைவரைக் கூப்பிட்டார். "ஈச்சம்பள்ளம். கேட்டு வழி. மொபைலப் பாக்காதீங்க, உங்களுக்குத் தெரிஞ்ச வழியில போங்க" என்றார்.

பழனிச்சாமி வண்டியில் ஒரு நர்ஸ் இருந்தார். நான் அவரை நேரில் பார்த்ததில்லை. அவர் குரல் மட்டும் கேட்டது. "சார், அங்கருந்து ரெண்டு பேரு கயிறு புடிச்சிட்டு இந்தக் கரைக்கு வந்துட்டாங்க. அவங்களோட நான் போறேன். பையைத் தலைல வச்சுக்கறேன்."

லீட் போனுக்குக் கிட்டே குனிந்தார். போகச் சொன்னால் அது உத்தரவாகிவிடும். போகாதே என்றால் அந்தக் கரையில் ஒரு பெண் தனியாகக் கிடப்பாள். "நான் இங்க நாற்காலியில உக்காந்திருக்கேன் சிஸ்டர். தண்ணியப் பாக்கறது நீங்க. வேண்டாம்னு தோணுனா யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க" என்றார்.

"கேக்கறதுக்கு இது நேரமா சார்" என்று சொல்லி நர்ஸ் போனை டிரைவரிடம் கொடுத்தார். அதன் பிறகு கொஞ்ச நேரம் ஆற்றுச் சத்தம்தான் கேட்டது. பழனிச்சாமி, "பாத்து, பாத்து, எடது பக்கம் கல்லு" என்று கத்திக்கொண்டிருந்தார். பிறகு, "சேந்துட்டாங்கோ" என்றார். செல்வி இன்னும் என் போனில் இருந்தாள். "செல்வி, நர்ஸ் வந்துட்டாங்க. அவங்க சொல்றபடி செய். ஹனூர் வண்டி மேல ரோட்டுக்கு வருது" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

இதன் பிறகு நடந்ததற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லீட் திரும்பி, "பிரவீண், நிறுத்து" என்றார்.

"எதை சார்?"

"மொத்தத்தையும்."

பிரவீண் எழுந்துவிட்டான். "சார், ஒந்தே ஒந்து கேட்டு சார், ஒண்ணே ஒண்ணு. இப்பவே திறந்து அந்தப் பாதைய மட்டும் ஏத்தறேன். அரை மணி போதும்."

மேனேஜரும் வந்துவிட்டார். "என்னங்க இது, மதியம் ஆளுங்க வராங்க. ஒரு எடம் தப்பாப் போச்சு, ஒத்துக்கறேன். மத்த எடமெல்லாம் நல்லாத்தான ஓடுது? பழைய முறையில தப்பே வந்ததில்லையா?"

"வந்திருக்கும் சார்" என்றார் லீட். குரலை உயர்த்தவில்லை. பிரவீணிடம், "இந்த மாதிரி இன்னும் எத்தன ஊரு போயிருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல. அக்கா, உங்களுக்கு?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். எத்தனை கேட்டுகளை நான் என் கையால் குறித்தேன் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஊரு போனது தெரியும். எத்தன ஊருன்னு தெரியாது. அடுத்த போன் எந்த ஊர்லருந்து வரும்னும் தெரியாது. அப்ப இது ஓடக் கூடாது. பச்சை எழுத்து வந்துச்சே பாத்தியா? நமக்குத்தான் அது பச்சை. தப்புன்னு அதுக்கே தெரியாத தப்பு இது."

பிரவீண் நிறுத்தினான். திரை கறுத்தது. மூலையில் சாத்தியிருந்த சுவர் வரைபடத்தை நானும் ஆபரேட்டரும் விரித்து மேசைமேல் போட்டோம். சுருண்டு சுருண்டு வந்தது. நாலு முனையிலும் தண்ணீர் பாட்டில் வைத்தோம். டிரைவர்கள் எல்லோருக்கும் லீட் ஒவ்வொருவராகப் போன் செய்தார். "இன்னைக்கு மறுபடியும் ஊர் பேர் கேட்டுத்தான்" என்றார். சிலர் சிரித்திருக்க வேண்டும். "ஆமாங்க, சிரிங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

மேனேஜர் வெளியே போய் வர வேண்டியவர்களுக்குப் போன் செய்து இன்று வேண்டாம் என்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். உள்ளே வந்தவர் இன்னொரு போன் முன்னால் உட்கார்ந்து அழைப்பு எடுக்க ஆரம்பித்தார். அதன் பிறகு வந்த அழைப்பெல்லாம் டவுனிலிருந்துதான். எதற்கும் வழி சொல்ல நாங்கள் தேவைப்படவில்லை.

ஹனூர் வண்டி கேட் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் கட்டிலை மறுபடி மேட்டுக்குத் தூக்கியிருந்தார்கள். கொள்ளேகால் ஆஸ்பத்திரி போகும் வழியில் குழந்தை பிறந்தது. சாயந்திரம் நர்ஸ் கூப்பிட்டார். தாய் பிழைத்துவிட்டாள், ரத்தம் ஏற்றுகிறார்கள் என்றார். குழந்தை அழவே இல்லை என்றார். பெண் குழந்தை.

நேரத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று லீட் கேட்டார். சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். உண்மையாகவே சொல்ல முடியாதா, எங்களுக்காக அப்படிச் சொன்னாரா என்று நான் விசாரிக்கவில்லை. மற்ற இருவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. நினைத்தால் அந்தக் கட்டிலைத்தான் நினைக்கிறேன். சைரன் கேட்ட பக்கம் அவர்கள் நம்பி இறங்கினார்கள். வண்டி வராமலே இருந்திருந்தால் ரோட்டோரத்திலேயே இருந்திருப்பார்கள்.

மைசூருக்குத் திரும்பும் பஸ்ஸில் மூவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். நஞ்சன்கூடு வந்தபோது பிரவீண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "நான் திறந்து காட்டுனதுல ஒண்ணாவது காட்டுப் பக்கமா இருந்திருந்தா, அக்கா…" என்றான். என்னிடம் இருந்த மிக்சர் பொட்டலத்தை அவனிடம் கொடுத்தேன். அவன் சாப்பிடவில்லை, கையில் வைத்துக்கொண்டே வந்தான்.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். ஏற்றும்போது எதைத் தள்ளுகிறீர்கள் என்று பாருங்கள். எத்தனை என்று பார்த்தால் போதாது, எது என்று பாருங்கள். அதில் ஒரு வீட்டுக் கூரை தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். நகரத்தில் சரியாக இருந்த விதியைக் காட்டுக்குக் கொண்டுபோகும்போது, அந்தப் பக்கத்து ஆள் ஒருவரிடம் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தெரியாததைக் காலியாக விடும் நம் வழக்கத்தை நான் இன்னும் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காலியை அடுத்தவர் எப்படிப் படிப்பார் என்று தெரிந்துகொண்டு விடுங்கள்.

இன்னொன்று, நிறுத்துவது. அது உங்களில் யாருக்காவது ஒரு நாள் வரும். பக்கத்தில் ஒருவர் அரை மணியில் சரிசெய்கிறேன் என்பார், அது உண்மையாகவும் இருக்கும். இன்னொருவர் ஒரு இடம்தானே என்பார். அப்போது எனக்குத் தெரியாது என்று சத்தமாகச் சொல்லுங்கள். கூச்சப்படுகிறவர்களுக்கு அது கஷ்டம், எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் தலையைத்தான் ஆட்டினேன். அதுவும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது.

மறுநாள் பழனிச்சாமி அந்தக் குழந்தையை அடக்கத்துக்காக வண்டியில் ஈச்சம்பள்ளத்துக்குக் கொண்டுபோனார். வழி கேட்டு யாருக்கும் போன் செய்யவில்லை. கேட் திறந்திருந்தது.